நிலா அட்டவணையில் ஒரு நாள் மட்டும் ஏன் காலி?

ஏதாவது ஒரு நகரத்தின் நிலா உதய, மறைவு நேரப் பட்டியலை ஒரு மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டு விஷயங்கள் கண்ணை உறுத்தும். பல நாள்களில் மறைவு நேரம் உதய நேரத்துக்கு முன்னால் நிற்கும்: மறைவு காலை 8.55, உதயம் இரவு 9.40 என்று. இன்னும் உதிக்கவே இல்லாத நிலா எப்படி மறைந்தது? அடுத்தது, மாதத்தில் ஏதோ ஒரு நாள் உதயக் கட்டத்தில் நேரமே இருக்காது, வெறும் கோடு. இரண்டு வாரம் முன்போ பின்போ மறைவுக் கட்டத்திலும் அதே கோடு. செயலி கெட்டுவிட்டது என்று அதை அழித்துவிட்டு வேறொன்றைப் பதிவிறக்கி, அதிலும் அதே கோட்டைப் பார்ப்பவர்கள் உண்டு.

அட்டவணையில் தப்பில்லை. சூரியனுக்காகத் தைத்த நாள்கணக்கில் நிலாவை அடைக்கப் பார்க்கிறோம், அது இடிக்கிறது. முதல் புதிருக்கு விடை எளிது. காலை 8.55க்கு மறைந்தது முந்தைய இரவில் உதித்த நிலா. இரவு 9.40க்கு உதிப்பது மறுநாள் காலையில்தான் மறையும். ஒரே தேதி என்பதால் இரண்டும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். நிலாவின் ஒரு பயணத்தை முழுதாகப் படிக்க வேண்டுமானால் இன்றைய உதயத்தையும் நாளைய மறைவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோடு விழும் கதைக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலாவும் அதே திசையில் பூமியைச் சுற்றுகிறது, நாளொன்றுக்குச் சராசரியாக 13.2 பாகை. அதே நாளில் சூரியனும் வானில் சுமார் ஒரு பாகை கிழக்கே நகர்ந்திருக்கும். ஆக, சூரியக் கணக்கில் 24 மணி நேரம் முடியும்போது நேற்று இருந்த இடத்தைவிட நிலா 12.2 பாகை தள்ளிப்போயிருக்கும். அந்தத் தூரத்தையும் பூமி சுழன்று கடந்தால்தான் நிலா மறுபடி அதே இடத்தில் தெரியும். பூமிக்கு ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். அதற்குள் நிலா இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடும். எல்லாம் சேர்த்து, ஒரு உதயத்திலிருந்து அடுத்த உதயத்துக்குச் சராசரியாக 24 மணி 50 நிமிடம்.

திங்கள் இரவு 11.20க்கு ஒரு நிலா உதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த உதயம் சுமார் 24 மணி 50 நிமிடம் கழித்து, அதாவது புதன் அதிகாலை 12.10க்கு. நடுவில் செவ்வாய்க்கிழமைக்கு உதயமே இல்லை. செவ்வாய் அதிகாலையில் வானில் நிலா இருக்கும், பகலில் மறையும், ஆனால் அந்தத் தேதிக்குள் உதிக்காது. நள்ளிரவை ஒட்டி உதிப்பது தேய்பிறை அரைநிலா என்பதால் உதயக் கோடு பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். வளர்பிறை அரைநிலா நள்ளிரவை ஒட்டி மறையும். எனவே மறைவுக் கோடு அங்கே. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை 29.53 நாள். அதற்குள் நிகழும் உதயங்களைச் சராசரியாக எண்ணினால் 28.53தான் தேறும். அந்த ஒன்று குறைந்தாக வேண்டும். அதுதான் கோடு.

ஐம்பது நிமிடத்தை நம்பினால்

"நிலா தினமும் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும்" என்பதைப் பள்ளியில் படித்துவிட்டு அப்படியே பிடித்துக்கொள்கிறோம். சராசரியாக அது சரிதான். ஆனால் ஓர் அட்டவணையில் அடுத்தடுத்த நாள்களைக் கழித்துப் பார்த்தால் 50 என்ற எண் அபூர்வமாகவே வரும்.

காரணம் ஒன்றல்ல. நிலாவின் பாதை நீள்வட்டம். பூமிக்கு மிக அருகில் சுமார் 3,56,000 கிலோமீட்டர் வரை வரும், மிகத் தொலைவில் 4,06,000ஐத் தாண்டிப் போகும். அருகில் இருக்கும்போது வேகம் அதிகம், நாளுக்கு 15 பாகை வரை நகரும். தொலைவில் 12 பாகைக்கும் சற்றுக் குறைவு. வேகமாக நகரும் நாள்களில் தாமதம் கூடும், மெதுவான நாள்களில் குறையும்.

இதைவிடப் பெரிய காரணம் நிலாப் பாதையின் சாய்வு. நிலா கிழக்கே மட்டும் நகர்வதில்லை, கூடவே வடக்காகவோ தெற்காகவோ ஏறி இறங்கிக்கொண்டே நகர்கிறது. வட அரைக்கோளத்தில் இருப்பவருக்கு, நிலா வடக்கே ஏறும் நாள்களில் கிழக்கே நகர்ந்த தூரத்தின் ஒரு பகுதியை அந்த ஏற்றம் ஈடுகட்டிவிடும். உதயத் தாமதம் சுருங்கும். தெற்கே இறங்கும் நாள்களில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து தாமதம் நீளும். இந்த விளைவு நீங்கள் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 10 பாகை அட்சரேகையில் உள்ள நகரத்தில் தாமதம் ஏறக்குறைய 40 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் இடையில் ஆடும். லண்டனில், 51.5 பாகையில், சில நாள்களில் 20 நிமிடம் அளவுக்குச் சுருங்கும், சில நாள்களில் ஒன்றேகால் மணி நேரம் வரை நீளும். செப்டம்பர் முழுநிலாவை ஒட்டிய சில மாலைகளில் அங்கே நிலா கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்கு எழுவதுபோல் தோன்றும். மார்ச் முழுநிலாவை ஒட்டி நேர்மாறு.

இன்னும் வடக்கே போனால் கோடுகள் பெருகிவிடும். நார்வேயின் டிரோம்சோ 69.6 பாகை வடக்கில் இருக்கிறது. நிலா வானத்தின் நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோடு) 20.4 பாகைக்கு மேல் வடக்கே போய்விட்டால் அங்கே மறையவே மறையாது, நாள்கணக்கில் வானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் கழித்துத் தெற்கே போகும்போது நாள்கணக்கில் உதிக்கவே உதிக்காது. அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கோட்டைப் போட்டுவைக்கும் தளங்களைப் பார்த்திருக்கிறேன். "எப்போதும் மேலே", "எப்போதும் கீழே" என்று எழுதுவதில் என்ன சிரமமோ தெரியவில்லை.

பிறை உலகுக்கு, உதயம் ஊருக்கு

ஒரே பக்கத்தில் அச்சாகும் இரண்டு தகவல்களுக்கு நடுவே உள்ள வேறுபாடு பலருக்குத் தெரியாமலே போகிறது. அமாவாசை, அரைநிலா, முழுநிலா எல்லாம் கணங்கள். பூமியிலிருந்து பார்க்க நிலாவும் சூரியனும் எதிரெதிராக, 180 பாகை பிரிந்து நிற்கும் ஒரு நொடிதான் முழுநிலா. 0 பாகை அமாவாசை, 90 வளர்பிறை அரைநிலா, 270 தேய்பிறை அரைநிலா. திதி என்பதும் இதே கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாக வெட்டியதுதான். அந்த நொடி உலகம் முழுவதற்கும் ஒன்றே. லிமாவிலும் டோக்கியோவிலும் நிலா அதே நொடியில்தான் முழுமை அடைகிறது. கடிகாரம் காட்டும் எண் மட்டும்தான் வேறு. உதயமும் மறைவும் அப்படியல்ல. அவை பார்ப்பவரின் அடிவானத்துக்குச் சொந்தமானவை. ஊர் மாறினால் நேரம் மாறும்.

கடிகார எண் மட்டும் மாறுவதே போதுமான கூத்து. 2018ஆம் ஆண்டு ஜனவரி முழுநிலா ஒன்று 31ஆம் தேதி, உலகப் பொது நேரப்படி 13.27க்கு வந்தது. அதே மாதம் 2ஆம் தேதியும் முழுநிலா இருந்ததால் 'ஒரே மாதத்தில் இரண்டு' என்று உலகமே பேசியது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அப்போது இரவு 11.27, தேதி ஜனவரி 31. அதே நாட்டின் சிட்னி கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தது. அங்கே நேரம் 12.27, தேதி பிப்ரவரி 1. ஒரே நிலா, ஒரே நொடி, பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். ஓர் ஊருக்கு ஜனவரியில் இரண்டு முழுநிலா, இன்னோர் ஊருக்கு ஒன்றுதான். பிப்ரவரியில் முழுநிலாவே இல்லை என்று பிரிஸ்பேன் சொன்னபோது, சிட்னிக்கு அந்த மாதம் பிறந்ததே முழுநிலாவோடு.

உதய நேரம் ஊருக்கு ஊர் மாறுவதற்கு நல்ல உதாரணம் சீனா. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். பெய்ஜிங்கும் மேற்குக் கோடியில் உள்ள காஷ்கரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 40 பாகை வடக்கை ஒட்டி இருக்கின்றன. தீர்க்கரேகையில் மட்டும் சுமார் 40 பாகை இடைவெளி. பெய்ஜிங்கில் உதித்த நிலா காஷ்கரில் உதிக்க ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஆகவே நாட்டின் பெயரைப் போட்டு "இன்றைய நிலா உதயம்" என்று ஒரே நேரம் சொல்லும் செய்திகளை நம்ப வேண்டாம். பக்கத்து ஊர் என்றால் பரவாயில்லை. கிழக்கு மேற்காக 25 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் ஒன்றிரண்டு நிமிடம்தான் மாறும்.

பிறையும் உதயமும் உறவில்லாதவை என்றும் அர்த்தமில்லை. அமாவாசை நிலா சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறையும். வளர்பிறை அரைநிலா நண்பகலை ஒட்டி எழுந்து நள்ளிரவை ஒட்டி விழும். முழுநிலா மாலையில் எழுந்து விடியும்வரை நிற்கும். தேய்பிறை அரைநிலா நள்ளிரவில் எழுந்து நண்பகலில் மறையும். மனசில் வைத்துக்கொள்ள இது நல்ல சட்டகம். ஆனால் சட்டகம் மட்டுமே. இதில் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு ஒரு நீதிமன்ற வழக்கே சாட்சி.

ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முன் இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்தார். 1857 ஆகஸ்ட் 29ஆம் தேதி இரவு அங்கே நடந்த அடிதடியில் ஒருவர் படுகாயமடைந்து பிறகு இறந்துபோனார். டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞர் மீது கொலைக் குற்றம். சார்ல்ஸ் ஆலன் என்பவர் முக்கியச் சாட்சி. இரவு 11 மணிவாக்கில் சுமார் 150 அடி தூரத்திலிருந்து பார்த்தேன், நிலா உயரத்தில் பிரகாசமாக இருந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது என்றார். 1858 மே மாதம் பியர்ட்ஸ்டவுன் நீதிமன்றத்தில் லிங்கன் அவரை அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அப்புறம் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். அந்த இரவு நிலா நள்ளிரவை ஒட்டி மறைந்துவிட்டது. 11 மணிக்கு அது உயரத்தில் இருந்திருக்க வழியில்லை. ஆம்ஸ்ட்ராங் விடுதலையானார்.

பின்னாளில் ஒரு புரளி கிளம்பியது: லிங்கன் காட்டியது போலிப் பஞ்சாங்கம் என்று. சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. அன்று நிலாவுக்கு வயது சுமார் பத்து நாள், வளர்பிறை அரைநிலா கழிந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மேலே சொன்ன சட்டகத்தின்படி அது அதிகாலை 2 மணிவாக்கில் அல்லவா மறைய வேண்டும்? 1990இல் டெக்சஸைச் சேர்ந்த வானியலாளர்கள் டொனால்ட் ஓல்சனும் ரஸல் டோஷரும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் நிலா மறைந்தது உண்மைதான்.

இரண்டு மணி நேரம் எங்கே போனது? அன்று நிலா வானில் மிகத் தெற்கே, நடுக்கோட்டிலிருந்து சுமார் 28 பாகை கீழே இருந்தது. அந்த ஊர் இருப்பது 40 பாகை வடக்கில். அங்கிருந்து பார்க்க அப்படிப்பட்ட நிலா தெற்கு அடிவானத்தை ஒட்டி ஒரு சின்ன வில் வரைந்துவிட்டு இறங்கிவிடும். எட்டு மணி சுமாருக்கு உச்சியைத் தொட்டபோதே அதன் உயரம் 22 பாகைதான். 11 மணிக்குப் பத்து பாகைகூட இல்லை.

நிலா எப்போதும் இவ்வளவு தெற்கே போவதில்லை. அதன் பாதை சூரியன் நகரும் தடத்துக்கு 5 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு 18.6 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சுற்று திரும்புகிறது. சில ஆண்டுகளில் நிலாவின் வடக்கு, தெற்கு எல்லை 18.5 பாகைக்குள் அடங்கிவிடும். சில ஆண்டுகளில் 28.5 பாகை வரை விரியும். 1857 விரிந்த ஆண்டுகளில் ஒன்று. கடைசியாக விரிந்தது 2024, 2025இல். இடையில் சரியாக ஒன்பது சுற்றுகள். ஆலன் பார்த்தது ஒருவேளை வேறு ஏதாவது ஓர் இரவின் நிலாவாக இருக்கலாம். பிறையின் வயதை மட்டும் நினைவில் வைத்து நேரத்தை ஊகித்தால் யாரும் தடுமாறக்கூடிய இரவுதான் அது.

அடிவானம் என்பது எது?

அட்டவணை உதயம் என்று எதைச் சொல்கிறது? நிலாவின் மேல் விளிம்பு அடிவானத்தைத் தொடும் கணத்தை. மையத்தையோ முழு வட்டத்தையோ அல்ல. அந்த அடிவானமும் கடல்போல் தட்டையான, தடையே இல்லாத கற்பனை அடிவானம். காற்று ஒளியை வளைப்பதால் அடிவானத்தில் இருக்கும் எதுவும் பாகையில் பாதிக்குச் சற்று மேல் உயர்ந்து தெரியும். நிலாவின் அகலமே அரைப் பாகைதான், அதனால் இது சின்ன விஷயமல்ல. ஆனால் நிலா பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றும் சேர்கிறது. பூமியின் மையத்திலிருந்து போட்ட கணக்கைவிட, மேற்பரப்பில் நிற்பவருக்கு அது அடிவானத்தில் ஏறக்குறைய ஒரு பாகை தாழ்ந்து தெரியும். சூரியனுக்கு இந்தத் தாழ்வு கிட்டத்தட்ட இல்லை. சூரிய உதயக் கணக்கை எடுத்து நிலாவுக்கும் அப்படியே பொருத்தினால் சில நிமிடம் பிசகுவது இதனால்தான்.

சில நிமிடத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் உங்கள் எதிரே என்ன நிற்கிறது என்று பாருங்கள். 100 மீட்டர் தள்ளி 20 மீட்டர் உயரக் கட்டடம் இருந்தால் அது 11 பாகைக்கு மேல் வானத்தை மறைக்கும். பூமத்திய ரேகைப் பகுதியில் நிலா அதைத் தாண்டி எட்டிப்பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். வடக்கே போகப் போக நிலா சாய்வாக ஏறும், இன்னும் தாமதமாகும். அட்டவணை நிமிடக் கணக்கில் துல்லியமானது. வாசலில் நிற்பவருக்கு அந்தத் துல்லியம் கிடைப்பதில்லை.

சதவீதக் கட்டத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நிலாவின் முகத்தில் எத்தனை சதவீதம் வெளிச்சம் என்று போட்டிருப்பார்கள். அது பரப்பளவு, பிரகாசம் அல்ல. அரைநிலாவில் 50 சதவீதம் ஒளிர்கிறது, ஆனால் அது தரும் வெளிச்சம் முழுநிலாவின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட எட்டுவது கடினம். பக்கவாட்டில் வெயில் விழும்போது நிலாவின் மேடு பள்ளங்கள் எல்லாம் நிழலாகிவிடுகின்றன. அரைநிலாச் சமயத்தில் ஒரே நாளில் சதவீதம் பத்துக்கு மேல் மாறும். முழுநிலாவை ஒட்டியோ, ஒரு நாள் முன்பும் பின்பும் 99 சதவீதம்தான். வெறும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உதய நேரம்தான் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் முழுமைக்கு முந்தைய மாலை சூரியன் மறையும் முன்பே நிலா எழுந்துவிடும், மறுநாள் மாலை இருட்டத் தொடங்கிய பிறகே எழும். நிலவோடு கட்டடமோ மலையோ சேர்ந்து தெரியும்படி படம் எடுப்பவர்கள் முந்தைய மாலையைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். நிலமும் வெளிச்சமாக இருக்கும், நிலாவும் வெளுத்துப்போகாது.

அப்படிப் படம் எடுக்க நினைப்பவர் பார்க்க வேண்டிய இன்னொரு கட்டம் உண்டு. பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்: திசைக்கோணம். வடக்கை 0 என்று வைத்து வலப்பக்கமாக எண்ணினால் கிழக்கு 90. நிலா அந்த 90இல் உதிப்பது எப்போதாவதுதான். பூமத்திய ரேகையிலேயே அதிகபட்சம் 61இலிருந்து 119 வரை அலையும். லண்டனில் விரிந்த ஆண்டுகளில் 40க்கும் 140க்கும் நடுவே ஊசலாடும், இரண்டு வாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. நடுவில் வேகமாக நகரும் நாள்களில் ஒரே நாளில் பத்து பாகை தள்ளிப்போகும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோபுரத்துக்குப் பின்னால் இன்று எழுந்த நிலாவை நாளையும் அதே கோபுரத்துக்குப் பின்னால் பிடிக்க வேண்டுமானால், முக்காலியைத் தூக்கிக்கொண்டு 175 மீட்டர் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கும்.